கப்பாலே மலையின் எழுபத்திரண்டு துளைகள்

அஃபார்களின் லோகியா ஊரில் டயர் ஒட்டுகிறவன் முதல் தேநீர் ஊற்றுகிறவள் வரை, யாயோ ஹுமத் என்று பெயர் சொன்னால், "யாரு, கல்லுல ஓட்டை போடுறவனா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும். செர்தோவுக்கும் தோபிப் பள்ளத்துக்கும் இடையே நிற்கிற கருங்கல் மலைகளில் அவன் போட்ட துளைகள் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். துளைக்கு ஒன்றாக எடுக்கும் கல்லுருளைகளில் உடைந்து வந்தவற்றை எண்ணினால் நூறு தேறாது. பட்டம் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் யாராவது வந்து இதைச் செய்து காட்டட்டும், பார்க்கலாம்.

யாயோ பள்ளிக்கூடம் போனது மொத்தம் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு குடும்பம் வடக்கே கிளம்பியது. பள்ளிக்கூடம் கூட வரவில்லை. பிறகு வந்த வறட்சியில் ஆடுகள் போயின. பதினாறு வயதில் அவன் அஸ்ஸாப் சாலை போடும் கூட்டத்தில் சேர்ந்து, பாறை துளைக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் சுமந்தான். எண்களைக் கிலோமீட்டர் கற்களில் படித்தான். எழுத்துகளை லாரிக் கதவுகளில் படித்தான். இயந்திரத்தை மட்டும் காதால் படித்தான். அது முனகினால் எங்கே வலிக்கிறது என்று சொல்வான். மூன்றாம் வருடம் தண்ணீர் வாளி வேறொருவன் தோளுக்குப் போயிற்று. இயந்திரம் இவன் கைக்கு வந்தது. யாரும் தூக்கி விடவில்லை. அவனே ஏறினான்.

கல்லை ஆராய்கிற டாக்டர் வுபித் அவனைக் கண்டது அந்தச் சாலையோரத்தில்தான். அப்போது அவள் அடிஸ் அபாபாவிலிருந்து வந்த மெலிந்த பெண். ஒரு கையில் தொப்பி, மறு கையில் புகைந்துகொண்டிருந்த சின்ன டிரில். அதன் வைரப் பல் பாறைக்குள் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. யாயோ கீழே குனிந்து பார்த்தான்.

"தண்ணி யாரு அடிச்சது?" என்று கேட்டான்.

"தண்ணி தீந்துபோச்சு. கொஞ்சந்தானேன்னு விட்டுட்டோம்" என்றாள் வுபித்.

"கல்லு தாகத்துல பல்லைக் கடிச்சிருக்கு, தங்கச்சி. இனிமே நீ இழுத்தா வராது."

தன் குடிதண்ணீரைத் துளைக்குள் ஊற்றி, இயந்திரத்தை மெல்ல ஆட்டி ஆட்டி, கால் மணி நேரத்தில் பல்லை முழுசாக எடுத்துக் கொடுத்தான். விரல் பருமனில் கல்லுருளை ஒன்றும் கூடவே வந்தது. அன்று மாலையே அவள் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டாள். இரண்டு பேரில் யார் அதிர்ஷ்டசாலி என்று கேட்டால் வுபித்தான்.

எதற்கு இந்த உருளைகள் என்று அவன் முதல் வாரமே கேட்டான். காரணம் தெரியாமல் கல்லை வெட்டுவது அவனுக்குப் பிடிக்காது.

"இந்தக் கல்லு ஒரு காலத்துல உருகி ஓடின குழம்பு, அண்ணே" என்றாள் வுபித். "ஆறி உறையும்போது உள்ளே இருக்கிற இரும்புத் துகள் எல்லாம் காந்த ஊசி மாதிரி வடக்கைப் பார்த்து நின்னுடும். அப்படியே உறைஞ்சிடும்."

"சரி."

"அப்புறம் நெலம் திரும்பினா அந்த ஊசிகளும் சேர்ந்து திரும்பிடும். இன்னிக்கு அது வடக்கை விட்டு எவ்வளவு விலகி நிக்குதுன்னு அளந்தா, நெலம் எவ்வளவு திரும்புச்சுன்னு தெரியும்."

"நெலம் ஏன் திரும்பணும்?"

"ரெண்டு பக்கமும் பூமி பிளந்துக்கிட்டுப் போகுதில்ல? நடுவுல மாட்டின துண்டு..."

அவன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பல்குச்சியை வைத்து உருட்டிக் காட்டினான். "இப்படியா?"

"இது எனக்குப் புரிய மூணு வருஷம் ஆச்சு, அண்ணே" என்றாள் வுபித்.

நாலு வருடம் கழித்து அவனிடம் புத்தகமும் வந்தது. நீல அட்டை போட்ட குறிப்பேடு. ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரி: எண், சாய்வு, நிழல், நேரம். அதுவரை எழுதியவர்கள் படித்தவர்கள்தான். ஆனால் வெயில் ஏறினால் அவர்கள் ஏழை ஒன்றென்றும் ஒன்றை ஏழென்றும் எழுதினார்கள். யாயோ எழுதிய எண் கிலோமீட்டர் கல்லில் வெட்டியதுபோல் நிற்கும். வுபித் பேனாவை அவனிடம் நீட்டிய நாளில் அவன் வீட்டில் ஆடு அறுத்தான்.

உருளையை எடுப்பது பாதி வேலைதான். எடுத்த துளை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரியாவிட்டால் அது வெறும் கல். காந்த ஊசியை நம்ப முடியாது, அந்தப் பாறையே ஊசியைப் பிடித்து இழுக்கும். அதனால் சூரியன். துளைக்குள் ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, அதன் தலையில் இருக்கும் வட்டத் தகட்டை மட்டமாக்கி, நடுவில் நிற்கும் முள்ளின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதே நொடியில் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். நேரம் தெரிந்தால் சூரியன் நின்ற திசை தெரியும், அதிலிருந்து துளையின் திசை தெரியும்.

ஆரம்பத்தில் ஊசி வைத்துப் பார்த்த நாட்களில் வுபித் சொன்னதை வைத்து யாயோ ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தான். இரும்பு எதுவும் துளைக்குக் கிட்டே வரக் கூடாது. இடுப்பு வளைகத்தி, சுத்தியல், கைக்கடிகாரம் எல்லாம் இருபது அடி தள்ளி ஒரு முள்மரத்தில் தொங்கும். பேனாவும் புத்தகமும் கடிகாரத்தோடு அங்கேயே இருக்கும். இரண்டு மூன்று துளைகளின் நிழலை மனத்தில் பிடித்துக்கொண்டு அங்கே ஓடி, நேரம் பார்த்து எழுதுவான். கத்தி இல்லாமல் மலையேறும் அஃபார் ஆண்பிள்ளையைப் பார்த்து வழிப்போக்கர்கள் விடுவார்களா?

"என்ன யாயோ, இடுப்பு மொட்டையா இருக்கு? ஹஸ்னா பிடுங்கி வச்சிக்கிட்டாளா?" என்பார்கள்.

ஹஸ்னா அவன் மனைவி. அவளிடம் யாரும் எதையும் பிடுங்க முடியாது என்பது வேறு கதை.

ஜனவரியில் கப்பாலே மலையின் கிழக்குச் செங்குத்தில் குழம்பு ஓடி உறைந்த ஒன்பது அடுக்குகள், அவர்கள் பேச்சில் பாய்ச்சல்கள், ஒவ்வொன்றிலும் எட்டு உருளைகள், ஆக எழுபத்திரண்டு எடுத்தான். ஜூன் பிறந்ததும் வுபித்திடமிருந்து தொலைபேசி வந்தது. குரல் வழக்கம்போல் இல்லை.

"அண்ணே, கப்பாலேல அடிப் பாய்ச்சல். எட்டுல அஞ்சு ஒரு பக்கம் பாக்குது. மூணு பதிமூணு பாகை தள்ளிப் பாக்குது."

"ஒரே குழம்பு. ஒண்ணா ஆறினது. எட்டும் ஒரே பக்கம்தான் பாக்கணும்" என்றான் யாயோ.

"அதான். கல்லு பொய் சொல்லாது. புத்தகந்தான் சொல்லியிருக்கணும்."

யாயோ தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினான்.

"மொத்த மலையுமே பத்துப் பன்னெண்டு பாகைதான் திரும்பியிருக்குங்கறோம். தப்பே பதிமூணு. மூணு வரி தப்புன்னா மத்த அறுபத்தொம்பது சரின்னு யாரு சொல்றதுன்னு கூட வேலை பாக்கறவங்க கேக்கறாங்க. கப்பாலேயை மொத்தமா விட்டுடலாம்ங்கறாங்க. இருபது நாள்ல முடிவு பண்ணணும்." அவள் மூச்சு வாங்கினாள். "அடுத்த சீசனுக்குப் புத்தகம் எழுத படிச்ச ஆள் ஒருத்தரை அனுப்பலாம்னும் பேசறாங்க."

"நான்?"

"நீங்க டிரில் ஓட்டுங்க, அண்ணே. உங்களை மாதிரி ஓட்ட..."

"பேனாவை வாங்கிக்கிட்டுக் கையைப் புகழ வேணாம், டாக்டரம்மா" என்று அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

அன்றிரவு நடந்ததை வீட்டில் சொன்னான். ஹஸ்னா ரொட்டியைச் சுட்டு முன்னால் வைத்தாள். "அங்க அடிஸ்ல உருளைப் பெட்டியை மாத்தி வச்சிட்டாங்கன்னு சொல்லிடேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்? எப்படித் தப்பு வந்துச்சுன்னே தெரியலேங்கற."

அதுதான் அவனை அரித்தது. தப்பு செய்தவன் தான் என்பதை ஒத்துக்கொள்ளவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. அந்த மூன்று வரிகளை நகல் புத்தகத்தில் எடுத்துப் பார்த்தான். ஆறு, ஏழு, எட்டு. நண்பகலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் என்று எழுதியிருந்தது. எண்கள் கல்வெட்டு மாதிரி நேராக நின்றன. நேராக நின்று பொய் சொன்னன.

மூன்றாம் நாள் தேநீர்க் கடையில் ஒட்டகக்கார அய்தாஹிஸ் வந்து உட்கார்ந்தான். அவனும் யாயோவும் ஒரே மேய்ச்சல் வழியில் வளர்ந்தவர்கள். அய்தாஹிஸுக்கு வாய் நீளம், நினைவு அதைவிட நீளம்.

"என்னடா மூஞ்சி? கல்லு விழுங்கிட்டியா?" என்றான் அய்தாஹிஸ்.

"பேசாம டீயைக் குடி."

"பேசாம இருக்க நான் என்ன உன் மலையா? போன தடவை கப்பாலேல உன்னைப் பாத்தப்ப நல்லாத்தானே இருந்தே. காதுல பேனாவைச் சொருகிக்கிட்டு, பெரிய ஆபீசர் மாதிரி."

யாயோவின் கோப்பை பாதியில் நின்றது. "கப்பாலேலயா? எப்ப?"

"மறந்துட்டியா? ஜனவரில. உன் கத்தி தொங்குற மரத்தடியில வந்து உக்காந்தேன். நீ மேல அந்தத் தகட்டைப் பாத்துக்கிட்டு இருந்தே. கையைக் காட்டினே, இருன்னு. மூணு ஓட்டைக்கு மாறி மாறிக் குனிஞ்சே. அப்புறம் எறங்கி வந்தே. தாகு சொன்னோம்."

அஃபார்கள் இருவர் வழியில் சந்தித்தால் உட்கார்ந்து தாகு சொல்லியாக வேண்டும். எங்கிருந்து வருகிறாய், யாரைப் பார்த்தாய், எங்கே மழை, யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் சொல்ல மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். கண்ணால் கண்டது வேறு, காதால் கேட்டது வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதைக் கலந்து சொன்னவனின் பேச்சை அந்த வழியில் அப்புறம் எவனும் வாங்க மாட்டான். தாகு நடக்கையில் எழுந்திருப்பதும் வேறு வேலை பார்ப்பதும் வந்தவன் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

"எவ்வளவு நேரம் சொன்னே?" என்று யாயோ கேட்டான்.

"அன்னிக்கு நிறைய இருந்துச்சு. என் மச்சான் கல்யாணம், தோபில தண்ணி லாரி கவுந்தது... அரை மணி இருக்கும். முடிச்சதும் நீ மரத்துல இருந்து கடிகாரத்தை எடுத்துப் பாத்து எழுதினே. நான்கூட நெனச்சேன், நம்ம தாகுவைத்தான் எழுதிக்கிறான்னு."

யாயோ கோப்பையைக் கீழே வைத்தான். நிழலைப் பார்த்தது தாகுவுக்கு முன்னால். நேரத்தைப் பார்த்தது தாகுவுக்குப் பின்னால். நடுவில் அரை மணி. ஜனவரி நண்பகலையொட்டி அந்த அரை மணியில் சூரியன் எவ்வளவு நகரும் என்று அவனுக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பதிமூன்று பாகை சரியாக வந்து உட்கார்ந்தது.

தான் காணாத நேரத்தைக் கண்டதாக எழுதியிருக்கிறான். அஃபார்காரன் ஒருவன் பொய்த் தாகு சொல்லியிருக்கிறான். அதுவும் மை போட்டு.

உடனே அவன் வுபித்தைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"காரணம் தெரிஞ்சது நல்லதுதான், அண்ணே. ஆனா அவங்களுக்கு இது கதை. மூணு நேரத்தை நாமளே மாத்திக்கிட்டோம்பாங்க."

"நேரத்தை மாத்த வேணாம். நான் உருளையைத்தான் எடுத்துக் குடுத்தேன். ஓட்டை எங்க போச்சு?"

"என்ன?"

"ஓட்டை மலையிலதானே இருக்கு? குழாயைத் திரும்பச் சொருகினா அதே பக்கந்தானே பாக்கும்? நான் போய் மறுபடியும் சூரியனைப் பிடிச்சுட்டு வரேன்."

"மூணையுமா?"

"எழுபத்திரண்டையும்."

"ஜூன் மாசம், அண்ணே. அந்தக் கல்லுல கை வைக்க முடியாது. இப்ப யாரும் அங்க போறதில்ல."

"அதனாலதான் கூட்டம் இருக்காது" என்றான் யாயோ. பிறகு, தேநீர்க் கடையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டான். "ஒண்ணு சொல்லுங்க. கைக்கடிகாரம் சூரியனை என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது."

"அப்ப நான் ஏன் இத்தனை வருஷமா அதை மரத்துல மாட்டி வச்சேன்?"

"ஊசி வச்சிருந்த காலத்துல நான்தான் சொன்னேன். அப்புறம் சூரியனுக்கு மாறினோம். வேணாம்னு சொல்ல மறந்துட்டேன்."

"சரி. பாதி உங்க தலையில. மீதியை நான் சுமக்கறேன்."

குழாயும் தகடும் அவன் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தன. செர்தோ வளைவு வரை ஒரு லாரி. அங்கிருந்து இரண்டு தண்ணீர்க் கேன்களைக் கழுதையில் ஏற்றி நடை. கடிகாரத்தைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். கத்தியும் இடுப்பில் இருந்தது. ஜூனில் உச்சிச் சூரியன் தலைக்கு மேலேயே நிற்கும், முள்ளுக்கு நிழலே இருக்காது. விடிந்ததிலிருந்து மூன்று மணி நேரம்தான் அவனுக்கு வேலை. அதன்பின் கல்லும் தொட விடாது.

முதல் விடியலில் கப்பாலே அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அடிப் பாய்ச்சலின் எட்டுத் துளைகளில் ஐந்தில் முளைகள் அடித்திருந்தன. முளைகளில் தோல் தண்ணீர்ப் பைகள், பால் குடுக்கை, சுருட்டிய பாய். பக்கத்திலேயே பாய்க் குடிசை ஒன்று. அதிலிருந்து வெளியே வந்த நடுவயதுப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள். மெதீனா என்று பெயர். ஆடுகளோடு மார்ச் மாதமே வந்துவிட்டவள்.

"ஓட்டை போட்டவன் நீதானா?" என்றாள்.

"நான்தான்."

"புண்ணியவான். நூறு வருஷமா இந்தச் சுவர்ல பையை மாட்ட ஒரு இடம் இல்ல. இன்னும் ரெண்டு கொஞ்சம் ஒசத்தியாப் போட்டிருக்கக் கூடாது?"

"அக்கா, அந்த முளையை எல்லாம் எடுக்கணும்."

"போட்டுக் குடுத்துட்டுப் பிடுங்க வந்தியா? மொதல்ல உக்காரு. எங்க இருந்து வரே, என்ன சேதி?"

யாயோ கிழக்கே பார்த்தான். சூரியன் விளிம்பை விட்டுக் கிளம்பிவிட்டது. அவனுக்கு இருப்பது மூன்று மணி நேரம். இவள் மார்ச்சிலிருந்து தனியாக இருக்கிறவள், சேதிக்கு எவ்வளவு பசி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு காலைப்பொழுது போய்விடும்.

அவன் கழுத்துக் கடிகாரத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

தாகு என்றால் வந்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். லோகியாவின் சேதி, செர்தோவின் சேதி எல்லாம் சொல்லி முடித்தபின் தன் சேதிக்கு வந்தான். ஜனவரியில் மூன்று நேரங்களைப் பார்க்காமல் பார்த்ததாக எழுதினேன், அதனால் இந்த மலையின் கணக்கு முழுதும் சந்தேகத்தில் நிற்கிறது, திரும்ப அளக்க வந்திருக்கிறேன் என்றான்.

மெதீனா குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்: "இதை நான் அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும். உனக்கே தெரியும். நீ ஊர் போறதுக்குள்ள இது போயிடும்."

"செஞ்சவனையே கண்டதுன்னு சொல்லுங்க. யாரோ சொல்லிக் கேட்டதுன்னு சொல்லாதீங்க. நானே வாயால சொன்னது."

அவள் பால் கொடுத்தாள். பைகளை இறக்கினாள். முளைகள் மட்டும் அசையவில்லை. முள்மரத்து முளை, தண்ணீர்ப் பை கசிந்து கசிந்து ஊறிப் பருத்துத் துளையோடு ஒட்டிப்போயிருந்தது.

"நான் அடிச்சது. வராது" என்றாள் மெதீனா, கொஞ்சம் பெருமையாகவே.

தட்டினால் துளையின் விளிம்பு உடையும். விளிம்பு உடைந்தால் குழாய் ஆடும். குழாய் ஆடினால் திசை போயிற்று. யாயோ தன் வளைகத்தியை உருவினான். முளையின் நடுவில் முனையைக் குத்தி, நார் நாராகப் பிளந்து, பல் குத்துவதுபோல் ஒவ்வொரு சிம்பாக வெளியே எடுத்தான். ஒரு முளைக்கு ஒரு மணி நேரம். முதுகில் வெயில் அடுப்புபோல் இறங்கியது. இத்தனை வருடம் மரத்தில் சும்மா தொங்கிய கத்தி அன்றைக்குத்தான் மலைக்கு ஒரு வேலை செய்தது. மாலைக்குள் ஐந்து துளைகளும் சுத்தமாயின. அன்று ஒரு நிழலைக்கூட அவன் பிடிக்கவில்லை.

மறுநாள் விடியலில் ஆரம்பித்தான். குழாயைச் செருகு, தகட்டை மட்டமாக்கு, நிழலைப் பார், கழுத்தில் தொங்கும் கடிகாரத்தைப் பார், அங்கேயே நின்று எழுது. பதினைந்து துளைகள் முடித்தபோது கல் சுட ஆரம்பித்தது. அடுத்த நாள் பதினாறு. ஐந்தாம் ஆறாம் பாய்ச்சல்களுக்குப் போகும் விளிம்பு இரண்டு பாதம் அகலம்தான். ஜனவரியில் கயிறு பிடிக்க ஆள் இருந்தது. இப்போது கயிற்றை ஒரு பாறைக் கொம்பில் கட்டிக்கொண்டு ஊர்ந்தான். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி உடைந்தது. துணி சுற்றிக்கொண்டான். துணியோடு தகட்டை மட்டமாக்க முடியவில்லை, அவிழ்த்துவிட்டான்.

அளக்க ஆரம்பித்த நான்காம் நாள் மெதீனா கீழேயிருந்து கத்தினாள். "போதும் எறங்குடா. கல்லுல ரொட்டி சுடலாம் போல இருக்கு."

"இந்தப் பாய்ச்சல்ல இன்னும் ரெண்டு இருக்கு."

"நாளைக்கு இருக்காதா அந்த ரெண்டும்?"

"இருக்கும். எனக்குத்தான் தூக்கம் இருக்காது."

ஐந்தாம் காலை எழுபத்திரண்டாவது வரியை எழுதிவிட்டுக் கீழே இறங்கினான். மெதீனா தண்ணீர்ப் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப மாட்டிக்கலாமா?" என்று கேட்டாள்.

"மாட்டிக்குங்க. இனிமே அது உங்க ஓட்டை."

அய்தாஹிஸ் அவனைச் செர்தோவில் பிடித்தான். சேதி முன்னாலேயே வந்துவிட்டிருந்தது, மெதீனா சொன்னபடியே. "எழுபத்திரண்டாமே. பைத்தியக்காரா. மூணு போதாதா?" என்றான்.

"மூணு தப்பு என்னுது. மத்தது சரிங்கறதும் நான்தானே சொல்லணும்."

அன்றிரவே தொலைபேசியில் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். வுபித் எழுதிக்கொண்டாள். கணக்குப் போட இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் ஊரில் அவனைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "தப்பு எழுதினவரே, வாங்க" என்றார்கள். சிலர் சிரித்துச் சொன்னார்கள், சிலர் சிரிக்காமல். அவன் தலையைக் குனியவில்லை.

தொலைபேசி அடித்தபோது ஹஸ்னாதான் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"அறுபத்தொம்பதும் பழைய புத்தகத்தோட பொருந்துது, அண்ணே. ஒரு பாகை, ரெண்டு பாகை வித்தியாசம், அவ்வளவுதான்."

"அந்த மூணு?"

"பதினொண்ணு, பத்து, பன்னெண்டு. மத்த அஞ்சோட சேர்ந்து நிக்குது. கப்பாலே திரும்பித்தான் இருக்கு. யாரும் இனிமே அதை விடச் சொல்ல முடியாது."

யாயோ சுவரில் சாய்ந்துகொண்டான். "புத்தகம்?" என்றான்.

"ஒரே இடத்தை ரெண்டு தடவை முழுசா அளந்த ஆள் எங்க கூட்டத்துல வேற யாரும் இல்ல. அதை அவங்களே சொன்னாங்க. பேனா உங்ககிட்டதான்."

"பின்ன" என்றான் யாயோ.

நவம்பரில் அடுத்த சீசனுக்கு வண்டி வந்தது. வுபித் நீலப் புத்தகத்தை நீட்டி, கப்பாலேயின் பக்கத்தைத் திறந்தாள். அந்த மூன்று வரிகள் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, புது எண்களைச் சுத்தமாக எழுதிவிடலாம் என்றாள். ஒட்டுப்பசையும் கொண்டுவந்திருந்தாள்.

"ஒட்ட வேணாம்" என்றான் யாயோ.

"அசிங்கமா இருக்குமேன்னு பாத்தேன்."

"இருக்கட்டும்."

பேனாவை வாங்கி, பழைய எண்கள் தெரியும்படி மூன்று வரிகளுக்கும் ஒரே ஒரு கோடு போட்டான். ஓரத்தில் தன் கிலோமீட்டர்கல் எழுத்தில் எழுதினான்: *நேரம் பார்த்ததல்ல. அய்தாஹிஸ் வந்தார்.* அதன் கீழே புது வரிகளை எழுதி, தன் பெயரையும் போட்டான்.

அந்தச் சீசனில் தோபிப் பக்கத்து மலையில் முதல் நாள், ஆறாவது துளையில் குழாயைச் செருகிக்கொண்டிருந்தபோது, கீழே ஒட்டகத்தோடு ஒருவன் வந்து நின்றான். யாயோ நிழலைப் பார்க்கவில்லை. குழாயை உருவினான். புத்தகத்தில் ஒரு வரி எழுதினான்: *ஐந்தோடு நிறுத்தம். ஆள் வந்திருக்கிறார்.* பேனாவை மூடிக் காதில் செருகிக்கொண்டு, இறங்கிப் போய் உட்கார்ந்தான்.